ஹார்லன் பார்க்காத பாதி ஆட்டம்

இந்தச் சனிக்கிழமை ஆட்டத்தை இமோஜின் பார்க்கவே கூடாது. வானமே இடிந்து விழுந்தாலும் சரி, அவள் கண்ணில் ஒரு பந்து படக் கூடாது. காலையில் பல் தேய்க்கும்போதே கண்ணாடியைப் பார்த்து ஹார்லன் பிரகெட் இப்படிச் சபதம் செய்துகொண்டார்.

இமோஜின் வேறு யாருமில்லை, அவர் மனைவிதான். முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியம். அவள் சுடும் சோள ரொட்டிக்கு அவர் அடிமை. ஆனால் கால்பந்து என்று வந்துவிட்டால் அவள் ராசி சரியில்லை என்பது அவர் கட்சி. அலபாமாவில் கால்பந்து என்றால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. காலுக்கு ஓடுகிற வேலை மட்டும்தான். ஊர்க் கல்லூரி அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். ஹார்லன் அந்தக் கல்லூரியில் படித்தவரில்லை, டிராக்டர் பட்டறை வைத்திருப்பவர். பக்தி இருக்கிறவனுக்குப் படிப்பு எதற்கு? போன வருஷம் இமோஜின் அவரோடு சோபாவில் உட்கார்ந்து ஐந்து ஆட்டம் பார்த்தாள். ஐந்திலும் கழுதைகள் மண்ணைக் கவ்வின.

ஆகவே இந்த வருஷம் ஹார்லன் பெரிய தியாகம் செய்தார். ஆட்டம் தொடங்குமுன் அவளை வண்டியில் ஏற்றி, டிவி இல்லாத இடமாகப் பார்த்துக் கூட்டிப்போனார். பழைய சாமான் சந்தை, பூசணித் தோட்டம், ஒட்டுப்போர்வைக் கண்காட்சி. கைதிக்குக் காவல் நிற்கும் போலீஸ்காரர் மாதிரி, ஆட்டம் முடியும்வரை கூடவே நின்றார். பலன் கைமேல் கிடைத்தது. பதினாலு ஆட்டம், பதினாலும் வெற்றி. முப்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு கழுதைகள் சிறு கல்லூரிகளுக்கான தேசிய இறுதிப் போட்டிக்குப் போயின. ஆட்டம் டெக்சஸில். ஹார்லன் அடித்துப் பிடித்து இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டார்.

"ரெண்டா? என் மஞ்சள் கோட்டு எங்கன்னு தேடணும்," என்றாள் இமோஜின்.

"நீ வரல. டூலி வரான்."

டூலி பக்கத்து வீட்டுக்காரன். ஹார்லன் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான் என்பதுதான் அவனுடைய தகுதி.

"ஆறு வயசுல எங்கப்பா என்னைத் தோள்ல வச்சு இந்த டீமைக் காட்டினாரு. ஒரே ஒரு ஃபைனல் நான் பார்க்கக் கூடாதா, ஹார்லன்?"

அவருக்கு மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது. உடனே இறுக்கிக்கொண்டார். "ஊர் நன்மைக்குத்தான் சொல்றேன். நீ பார்த்த அஞ்சும் ஊத்திக்கிச்சு. பார்க்காத பதினாலும் ஜெயிச்சோம். கணக்கு சொல்லுது, நான் சொல்லல."

இமோஜின் அவரை ஒரு பார்வை பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தார். போடவில்லை. "கணக்கே சொன்னா சரிதான்," என்று உள்ளே போய், அவர் வழியில் சாப்பிடக் கோழி பொரிக்க ஆரம்பித்தாள். அனுபவமுள்ள புருஷன் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். ஹார்லனுக்கு முப்பத்தொரு வருஷம் போதவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் கிளம்பும்போது டிவியின் கரண்ட் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டார். பதினோரு மணி நேரப் பயணம். வழியெல்லாம் தன் முன்யோசனையைத் தானே மெச்சிக்கொண்டு போனார். டூலி தலையாட்டிக்கொண்டே கோழியைத் தின்றான்.

மறுநாள் அரங்கத்தில் அவரைச் சுற்றி எல்லாம் ஊர்க்காரர்கள். பின்வரிசையில் பாஸ்டர் டில்மன்கூட முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கியது. எதிரணி வடக்கு மாநிலத்துக் கல்லூரி. அவர்களில் ஒவ்வொருத்தனும் நெல் மூட்டை மாதிரி இருந்தான். கழுதைகளைப் புரட்டி எடுத்தார்கள். இடைவேளையில் அவர்கள் இருபத்து நாலு, நம்மவர்கள் மூன்று.

ஹார்லனுக்குச் சந்தேகம் தட்டியது. இமோஜினுக்குப் போன் போட்டார். இரைச்சலில் காது கேட்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டார். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

"டிவி பார்க்கிறியா?"

"வயர் உன் வண்டியில கிடக்கு. எதைச் சொருகிப் பார்ப்பேன்?"

"பின்ன ஏன் தோக்கிறோம்?"

"நானும் அதைத்தான் யோசிச்சேன்," என்றாள் நிதானமாக. "போன வருஷம் அஞ்சு ஆட்டம் பார்த்தேனே, என் பக்கத்துல யார் உட்கார்ந்திருந்தது?"

"நான்தான்."

"இந்த வருஷம் பதினாலு ஜெயிச்சோமே, அப்ப நீ எங்க இருந்த?"

"உன்கூடத்தான். சந்தையில, போர்வைக் கண்காட்சியில..."

"ஒரு ஆட்டமாவது பார்த்தியா?"

"எங்க பார்க்கிறது? உன்னைக் காவல் காக்கவே நேரம் சரியாப் போச்சு."

"இன்னிக்குப் பார்க்கிற," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

ஸ்பீக்கர் புண்ணியத்தில் சுற்றி மூன்று வரிசைக்கும் எல்லாம் கேட்டுவிட்டது. எல்லோரும் மனசுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து தலையாட்டியே பழகிய டூலி முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு வார்த்தை பேசினான்.

"சாவியை எடுத்துக்கிட்டு வண்டிக்குப் போ, ஹார்லன்."

"டேய், முப்பத்தேழு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்டா."

"நாங்க மட்டும் என்னவாம்?"

பாஸ்டர் பின்னாலிருந்து தோளைத் தொட்டார். கப்பலைப் புயல் பிடித்தால் யாராவது ஒருத்தர் கடலில் இறங்கத்தான் வேண்டும், வேதத்திலேயே இருக்கிறது என்றார்.

ஹார்லன் அசையவில்லை. இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மறு பாதி தொடங்கியது. முதல் பந்திலேயே வடக்கத்திப் பையன் ஒருவன் ஒரே ஓட்டமாக ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினான். முப்பத்தொன்று, மூன்று. யாரும் அவரைத் திட்டவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். அதைவிட மோசம், அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. எழுந்து நடந்தார். ஜனங்கள் வழிவிட்டார்கள். ஒருத்தர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

எடுத்த காரியத்தை அரைகுறையாகச் செய்கிற மனிதரில்லை அவர். அரங்கத்துக்கு முதுகு காட்டி வண்டியில் உட்கார்ந்தார். ரேடியோவைத் தொடவில்லை. பின்பக்கம் தெரியும் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பினார். காதைப் பொத்திக்கொண்டார். அப்படியும் ஆரவாரம் கேட்டது. யாருடைய ஆரவாரம் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் டூலி ஓடிவந்து கதவைத் தட்டினான். அவன் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

"முப்பத்து நாலு, முப்பத்தொண்ணு. ஜெயிச்சிட்டோம்டா. எல்லாம் உன்னாலதான்."

ஹார்லனும் அழுதார். பாதி சந்தோஷம், பாதி வயிற்றெரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால், இமோஜின் மஞ்சள் கோட்டோடு வாசலிலேயே நின்றாள். "கடைசி நிமிஷத்துல அந்தக் குட்டைப் பையன் நாலு பேரை ஏமாத்திட்டு ஓடினானே, அப்பப்பா, என்ன ஓட்டம்!"

"உனக்கெப்படித் தெரியும்?"

"சர்ச் ஹால்ல பெரிய திரை கட்டியிருந்தாங்க. முதல் பந்துலேர்ந்து பார்த்தேன்."

ஹார்லன் துள்ளினார். "முதல் பாதியும் பார்த்தியா? அப்ப உன்னாலதானே தோத்தோம்?"

"முதல் பாதி நீயும்தானே பார்த்த? அப்புறம் நீ வண்டிக்குப் போயிட்டதா டூலி போன் பண்ணினான். மறு பாதி நான் மட்டும் பார்த்தேன். ஜெயிச்சோம். கணக்கு சொல்லுது, நான் சொல்லல."

ஹார்லன் மறுபடி வண்டிக்குப் போனார். வயரை எடுத்துவந்து டிவியில் சொருகினார்.

வசந்தத்தில் ரசிகர் சங்கம் கூடி அவருக்கு மரியாதை செய்தது. பித்தளைப் பலகையில் அவர் பெயரைப் பொறித்து, ஆட்ட நாட்களில் அவர் வண்டியை நிறுத்த ஆயுள் முழுக்க ஒரு தனி இடம் கொடுத்தது. ஹார்லன் பலகையைத் தடவிப் பார்த்தார். இவ்வளவு பேர் தன் தியாகத்தைப் புரிந்துகொண்டார்களே என்று மனசு நிறைந்துபோனது. இடம் எங்கே இருக்கிறது என்று இமோஜினிடம் கேட்டார்.

"ஸ்டேடியத்துலேர்ந்து நாலு மைல்," என்றாள். "சங்கத்துல மூணு மைல்னுதான் சொன்னாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு நான்தான் இன்னொரு மைல் தள்ளிப் போடச் சொன்னேன்."