மூன்றாம் எண் ஜன்னலில் தாய்மொழி

குடிமக்களுக்கு இனி அவரவர் தாய்மொழியிலேயே சேவை செய்வது என்று பிரெஞ்சுக்காரர் ஆண்டுவிட்டுப் போன நாட்டின் தலைநகரான வகடுகுவில் மேன்மை தங்கிய பெரியவர்கள் ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். தீர்மானம் பிரெஞ்சில் இருந்தது. நாடே மகிழ்ந்தது என்று பத்திரிகையில் வந்தது. அதுவும் பிரெஞ்சுப் பத்திரிகைதான்.

இந்த நல்ல காலம் மேற்கே தூனாபா நகராட்சிக்கு வந்து இறங்கிய வியாழக்கிழமை பார்த்துத்தானா பெர்னதெத் மில்லோகோவுக்கு மகளின் பிறப்புச் சான்று தேவைப்பட வேண்டும்! மகள் ஒடீலுக்கு ஆரம்பப் பள்ளி முடிக்கிற அரசுத் தேர்வு. மாலை ஐந்து மணிக்குள் சான்று பள்ளிக்கூடம் போய்ச் சேராவிட்டால் பெயர் பதிவு கிடையாது. ஒரு வருஷம் போச்சு. பெர்னதெத் சோளக்கள் காய்ச்சி விற்கிறவள். அடுப்பை அப்படியே அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

ஜன்னலுக்குள்ளே குமாஸ்தா சிதிபே. அவன் மாடு மேய்க்கிற ஃபுலானி இனம், இவள் கள் காய்ச்சுகிற போபோ இனம். இந்த இரண்டு கூட்டத்தாரும் எதிர்ப்பட்டால் விளையாட்டாகத் திட்டிக்கொள்வதுதான் முறை. திட்டாமல் போனால், என்ன கோபமோ என்று வீட்டுக்கு ஆள் வரும். இந்த இரண்டு பேரும் பதினைந்து வருஷமாகச் சந்தை மொழியான ஜூலாவில் மனம் குளிரத் திட்டிக்கொண்டிருப்பவர்கள்.

"டேய், மாட்டு வாலைப் பிடிச்சுத் திரியறவனே! உங்க தாத்தாவை எங்க தாத்தா ஒரு பானைக் கள்ளுக்கு வாங்கினாராம். முதலாளியம்மா வந்து நிக்கறேன், எந்திரிடா!"

சிதிபே பதிலுக்குத் திட்டவில்லை. கண்ணால் பக்கத்து நாற்காலியைக் காட்டினான். அங்கே கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு ஒருவர். தலைநகரிலிருந்து வந்திருக்கும் மொழிக் கண்ணிய அலுவலர் நிக்கியெமா.

"அம்மா, இப்ப என்ன மொழியில பேசினீங்க?" என்று ஜூலாவில் கேட்டார் அவர்.

"ஜூலாதான்யா."

"அது சந்தை மொழி. இங்கே செல்லாது. உங்க தாய்மொழி போபோல பேசுங்க. நான் பிரெஞ்சுல எழுதுவேன். சிதிபே அதைப் படிச்சு அவர் தாய்மொழியில புரிஞ்சுக்குவார்."

"ஐயா, அவனுக்கும் ஜூலா தெரியும், எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியுதே!"

"அதான் ஆபத்தே. இப்படி எல்லாருக்கும் எல்லாம் புரிஞ்சுட்டா நான் எதுக்கு?"

பெர்னதெத் போபோவில் சொன்னாள். அவர் பலமாகத் தலையாட்டினார். பிறகு மேஜைமேல் குனிந்து, மெல்ல, ஜூலாவில் கேட்டார்: "என்ன சொன்னீங்க?"

"உங்களுக்கு போபோ தெரியாதா?"

"தெரியாமலா? பரீட்சையில முதல் வகுப்பு. கேள்வித்தாள் பிரெஞ்சுல இருந்துச்சு."

ஒரு வழியாக விண்ணப்பம் எழுதி முடிந்தது. மணி மூன்றரை. அப்போதுதான் அலுவலருக்குக் கடமை ஞாபகம் வந்தது. தனிக் காகிதம் எடுத்து எழுதினார்: 'பணியிலிருந்த அரசு ஊழியரை, மாட்டு வால் தொடர்பாக, இழிவுபடுத்தியமை.' கோப்பு தலைநகர் போகும். விசாரணை முடிய மூன்று மாதம். அதுவரை விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படும்.

மூன்று மாதமா! போன வருஷம் முழுக்க விளக்கைப் பிடித்துக்கொண்டு படித்த பிள்ளை!

"ஐயா, இது எங்க முறை. உங்க ஊர்ல இல்லையா?"

"இருக்கே. நான் மோசி இனம்; சாமோ இனத்துக்காரங்களை வாய் வலிக்கத் திட்டுவேன். எனக்குத் தெரியும்மா. அலுவலகத்துக்குத் தெரியாது."

சிதிபே குறுக்கே வந்தான். "எனக்குப் புகாரே இல்லைங்க. எழுதித் தர்றேன்."

"தாய்மொழியில எழுதுங்க."

சிதிபே பேனாவைத் திறந்தான். மூடினான். அவன் மொழியில் எழுத எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

மணி நாலு. பெர்னதெத் இடுப்புத் துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டாள்.

"சரி, அப்ப நான் ஒரு புகார் தர்றேன். பதினைஞ்சு வருஷமா திட்டினவன் இன்னிக்கு என்னைத் திட்டலை. நாலு பேர் முன்னாடி எனக்கு அவமானம். என் கண்ணியத்துக்கு இங்க யாரு பொறுப்பு?"

பொறுப்பு யார் என்று நாற்காலிக்கு மேலே பலகையிலேயே எழுதியிருந்தது. நிக்கியெமாவுக்கு வேர்த்துவிட்டது.

"சிதிபே! உடனே திட்டுங்க. இது உத்தரவு."

அணை திறந்த மாதிரி வந்தது. "காலையிலேயே ரெண்டு பானையை ஊத்திக்கிட்டு வந்துட்டா பாருங்க! அடியே, என் வீட்டு மாடு தண்ணி குடிக்கும், உன் வீட்டுல கோழி கூடக் கள்ளுக் குடிக்குமே! எங்க அடிமைக்கு வாயைப் பாரு!"

பெர்னதெத்துக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அப்பாடா, இவனாவது பழைய சிதிபேயாகத்தான் இருக்கிறான்.

'இருதரப்பு மரியாதைப் பரிமாற்றம் முறைப்படி நிறைவேறியது' என்று எழுதிவிட்டு, பழைய காகிதத்தைக் கிழித்தார் அலுவலர். சான்றில் இனி ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. குழந்தையின் தாய்மொழி.

"போபோ" என்றாள் பெர்னதெத்.

"அத்தாட்சி? கோப்புல உள்ள எழுத்துப்படிதான் போடணும்." கோப்பைப் புரட்டினார். முதல் தாள் பிரெஞ்சு, நடுத்தாள் பிரெஞ்சு, மரியாதைப் பரிமாற்றமும் பிரெஞ்சு. எழுதினார்: தாய்மொழி, பிரெஞ்சு. முத்திரை விழுந்தது.

"தாய் நானு. எனக்கு பிரெஞ்சுல ஒரு வார்த்தை தெரியாதேய்யா!"

"திருத்தணும்னா மூணு மாசம்."

மணி நாலு நாற்பது. சான்றைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தாள். "இப்படி இருந்தா பிள்ளைக்குப் பெரிய வேலை கிடைக்குமா?"

"கிடைக்கும்."

இரண்டாக மடித்து இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓட்டமெடுத்தாள்.

அவள் தலை மறைந்ததும் சிதிபே நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தான். தாழ்ந்த குரலில், ஜூலாவில் சொன்னான்: "ஐயா, என் பிள்ளைங்க மூணு பேருக்கும் அதையே போட்டுக் கொடுத்துடுங்களேன்."

"வரிசையில வாங்க" என்று அவரும் ஜூலாவிலேயே சொன்னார். "என் பிள்ளைங்களுக்குத் தலைநகர்ல நேத்தே போட்டாச்சு."