அண்டா பாயும் ஏழு குலத்துச் சுரங்கத்தாரும்

மலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி வாழும், தொப்புள் வரை தாடி வளர்த்த கதைக் குள்ளர்களில் யாருக்கு யார் என்ன முறை, எந்தக் குலத்துக்கு முதல் பந்தி, யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர் இந்தப் பூமியில் அண்டா பாய் ஒருவர்தான். அந்தக் குள்ளர்களைக் கற்பனை செய்த வெள்ளைக்காரர்களுக்கே இவ்வளவு தெரியாது.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய வாடகைப் பாத்திரக் கடை. அந்த வட்டாரத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் அண்டா, தவலை, ஆள் உயரக் கரண்டி எல்லாம் அங்கிருந்துதான் போகும். கடை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே, நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனி. ஆறு பேர், ஐந்து நாற்காலி. இரண்டாயிரத்துச் சொச்சம், யார் கையில் செல்போன் இருந்தாலும் அதில் பாம்பு ஓடிய காலம்.

வெளிநாட்டு கிளையன்ட் ஒருவரின் விளையாட்டுக்காகக் குள்ளர்களின் ஏழு குலங்களையும் அவர்களின் பழக்கவழக்கங்களையும் எழுதித் தர வேண்டும். எங்கள் எம்.டி. அதை என் தலையில் கட்டினார். கிளையன்ட் ஓகே சொன்னால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் அமுதாவைக் கல்யாணம் செய்துகொள்ளலாம். என் வீடு சேலையூர், அவள் வீடு படப்பை. நடுவில் ஒரு பஸ் தூரம்தான், ஆனால் சாதி வேறு. "பண்ணிக்கோ. எங்க பக்கத்துலேர்ந்து ஒரு ஈ காக்கா வராது" என்று இரண்டு வீட்டிலும் சொல்லியாகிவிட்டது.

மூன்று நாளாக ஒரு வரி ஓடாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னா தம்பி, பேஸ்தடிச்சாப்ல குந்திகினு கீற?" என்றார் பாய்.

"குள்ளர்கள் பாய்…" என்று விஷயத்தைச் சொன்னேன்.

"குள்ளன் கிள்ளன்னு மரியாதை இல்லாம பேசாத. சுரங்கத்தார்னு சொல்லு. சரி, அவங்கள்ல மொதல் பந்தி யாருக்கு?"

"தெரியலையே பாய்."

"பந்தி தெரியாம குலம் எழுத வந்துட்டான்யா!"

அன்றிலிருந்து அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொல்வார், நான் படியில் உட்கார்ந்து எழுதுவேன். தங்கக் குலம் முதல் பந்தி கேட்குமாம். கொடுக்கக்கூடாதாம். "இரும்பு இல்லாம தங்கத்த எத்த வெச்சுத் தோண்டுவான்? இரும்புக் குலத்த மொதல்ல குந்த வை." ஒரு குலம் இன்னொரு குலத்திடம் வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது, ஒரு பிடி உப்பாவது போட்டுத் தர வேண்டும். இது தன் வாடிக்கைக்காரர்களிடம் அவருக்கு இருந்த நிறைவேறாத ஆசை.

"பெண்களுக்கும் தாடி உண்டு பாய்."

"இர்ந்துட்டுப் போவட்டும். பொண்ணு பாக்க வரச்சொல்லோ தாடிக்குப் பூ வெச்சு வுடுவாங்க."

அவர் உயிரைக் கொடுத்துச் சொன்னது கல்யாண வழக்கத்தைத்தான். மணப்பெண்ணின் தாய்மாமன் கோபித்துக்கொண்டு, கோடரியைத் தோளில் போட்டபடி சுரங்க வாசலில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். மாப்பிள்ளை போய்க் கூப்பிட வேண்டும். முதல் இரண்டு தடவைக்கு அவர் அசையக்கூடாது. மூன்றாவது தடவை வருவார். அவர் வரும்வரை யாருக்கும் சோறு கிடையாது.

அனுப்பினேன். கிளையன்டிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது: 'மாமாவுக்கு ஏன் கோபம்? அவருக்கு என்ன செய்தார்கள்?'

"ஒண்ணும் செய்யல, அதான் கோவமே!" என்றார் பாய். கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "முப்பது வருசமா கல்யாண வூட்டுக்குப் பின்னாடி நின்னுகினு பாக்கறேன் தம்பி. யாரோ எவரோ கோச்சுக்குவானா? சொந்தக்காரன்தான் கோச்சுக்குவான். கோச்சுக்க ஆளில்லாத கல்யாணம் இன்னா கல்யாணம்?" என்றார்.

அதையும் அப்படியே எழுதி அனுப்பினேன். தன் மாமாவும் இதே ரகம்தான் என்று சொல்லி கிளையன்ட் ஓகே செய்துவிட்டார். வேலை நிரந்தரமானது.

"அப்ப கல்யாணந்தான். யாரு யாரு வராங்க?" என்று கேட்டார் பாய்.

"ஆபீஸ் ஆளுங்க, அமுதாவோட ஃப்ரெண்ட்ஸ். சொந்தக்காரங்க யாரும் வரமாட்டாங்க பாய்."

பாய் பளபளவென்றிருந்த தவலையை எடுத்து மறுபடி புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

ரிஜிஸ்டர் ஆபீஸில் முதல் சாட்சிக் கையெழுத்து அவருடையதுதான். சாப்பாடு எங்கள் மாடியில், அவர் பொறுப்பு. நாங்கள் பதினோரு பேர். அவர் ஏற்றியிருந்தது நூறு பேருக்கான அண்டா. இலை போட்டு உட்கார்ந்த பிறகு பார்த்தால் பாயைக் காணோம்.

கீழே ஓடினேன். கடை வாசலில் ஒரு குண்டானைக் கவிழ்த்துப் போட்டு, மார்க்கெட் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாய், எல்லாரும் காத்திருக்காங்க. வாங்க."

அவர் அசையவில்லை. மாடிக்குப் போய் அமுதாவை மாலையும் கழுத்துமாக அழைத்து வந்தேன்.

"பாய், நாங்க என்ன தப்பு பண்ணோம்? சாப்பிட வாங்க பாய்" என்று கெஞ்சினேன்.

"தப்பா? நீங்க எங்க தப்பு பண்ணீங்க? ஒண்ணுமே பண்ணல!"

வந்த ஒரு மனிதரையும் நோகடித்துவிட்டோமே என்று எனக்கு அழுகை முட்டியது. அமுதா ஏற்கெனவே அழ ஆரம்பித்திருந்தாள். அப்போது பாய் முகத்தைத் திருப்பாமலே, வாயை மட்டும் என் பக்கம் கோணிக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"ரெண்டு ஆச்சு தம்பி. சோறு ஆறுது."

அவர் தோளில் இருந்த ஆள் உயரக் கரண்டி அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

மூன்றாவது தடவை 'பாய்' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "மாமா, சாப்பிட வாங்க" என்றேன்.

"ஆங்! இப்டி மரியாதியா கூப்ட்டா வரமாட்டனா?" என்று எழுந்து, கரண்டியோடு எங்களுக்கு முன்னால் படியேறினார். முதல் பந்தியில் முதல் இலை அவருக்குப் போட்டோம்.

அந்த விளையாட்டு நாலு மாதம்கூட ஓடவில்லை. கம்பெனியும் இல்லை, கடையும் இல்லை, பாயும் இல்லை. எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிவிட்டு யாராவது, "உங்க சொந்தக்காரங்க ஒருத்தர்கூட வரலையா?" என்று கேட்டால் அமுதா பட்டென்று சொல்வாள்: "வந்தாரே, எங்க மாமா. அன்னிக்கு அவர் கோச்சுக்கிட்ட கோபம் இருக்கே, சமாதானம் பண்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு."