சிறுத்தைக்குச் செவந்தி கருவி வாங்கிய கதை

ஒரு காட்டில் உக்கிரசேனர் என்ற சிறுத்தை நல்லாட்சி நடத்திவந்தார். நல்லாட்சி என்றால் உண்மையிலேயே நல்லாட்சி. பெரியவர்களை அவர் தொடுவதே இல்லை. குட்டிகளை மட்டும்தான் தின்பார். கறி மென்மையாக இருக்கும் என்பதால் அல்ல, பெரியவர்களுக்குக் குடும்பப் பொறுப்பு இருக்கிறதே என்ற கரிசனத்தால். இதை அவரே பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார்.

ஒருநாள் காலை அவர் ஓடையில் தண்ணீர் குடிக்கப் போனபோது, வேட்டைக்காரர்கள் சருகுக்குள் மறைத்து வைத்திருந்த இரும்புப் பொறி அவருடைய முன்னங்காலைக் கவ்விக்கொண்டது. பல் வைத்த இரண்டு இரும்பு வளையங்கள் இறுக மூடிக்கொண்டன. உக்கிரசேனர் இழுத்தார், கடித்தார், பொறியிடம் தன் பதவியைச் சொல்லிப் பார்த்தார். அது அசையவில்லை.

அவர் அலறியது காடு முழுக்கக் கேட்டது. கேட்டவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கென்று அவசர வேலை வந்துவிட்டது.

காட்டுப்பன்றி கொம்பையா மட்டும் ஓடி வந்தார். யாராவது வலியில் கத்தினால், கத்துவது யார் என்று விசாரிக்கத் தெரியாதவர். வழியில் கிடந்த கடப்பாரை ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"அசையாதீங்கய்யா, இதோ ஆச்சு" என்று வளையங்களுக்கு நடுவே கடப்பாரையை நுழைத்து நெம்பினார். பொறியின் வாய் கொஞ்சம் திறந்தது. இன்னும் கொஞ்சம் திறந்தது. அப்போது பார்த்துக் கடப்பாரை வழுக்கிவிட்டது. பொறி முன்னைவிட வேகமாக மூடிக் காலைக் கடித்தது.

"மன்னிச்சுக்கோங்கய்யா, இன்னொரு தடவை..."

கொம்பையா சொல்லி முடிக்கவில்லை. உக்கிரசேனர் தம் கொள்கையை ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மட்டும் தளர்த்திக்கொண்டார்.

தின்று முடித்து அவர் நிமிர்ந்தபோது எதிர்க்கரையில் புள்ளிமான் செவந்தி நின்றிருந்தாள். அங்கே மேய்ந்துகொண்டிருந்தவள், நடந்ததையெல்லாம் பார்த்துவிட்டாள்.

"ஏய்! நான் எப்படியும் ஒருநாள் இதிலிருந்து வெளியே வருவேன். உதவாதவங்களைத்தான் முதல்ல தேடி வருவேன். போய் ஒரு கருவி கொண்டு வா. இந்தப் பன்றி மாதிரி கண்ட இரும்பையும் தூக்கிட்டு வராதே. சரியான கருவியா இருக்கணும்!" என்றார் உக்கிரசேனர்.

"சரிங்கய்யா" என்றாள் செவந்தி.

காட்டின் எல்லையில் எறும்புதின்னி நல்லமுத்து இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். செவந்தி அங்கே போய், "இறுகிப்போன ரெண்டு இரும்பைப் பிரிக்கணும்ணே. ஒரு கருவி வேணும்" என்றாள். எந்த இரும்பு, அதில் யார் மாட்டியிருக்கிறார் என்பதையும் சொன்னாள்.

நல்லமுத்து சிரித்துவிட்டார். "வேட்டைக்காரன் பொறிதானே? அதுக்குக் கருவியே வேண்டாம்மா. ரெண்டு பக்கமும் வளைஞ்ச ஸ்பிரிங் பட்டை இருக்கும். ரெண்டையும் சேர்த்து மிதிச்சா வாய் தானா திறந்துடும். உன் குளம்பே போதும்."

செவந்தி தன் குளம்பைப் பார்த்தாள். போன கோடையில் அதே ஓடைக்கரையில்தான் அவளுடைய குட்டியை உக்கிரசேனர் தூக்கிப் போனார். முன்னங்கால்களை அகட்டி வைத்துத் தண்ணீர் குடிக்க அது அப்போதுதான் பழகியிருந்தது.

"அண்ணே, நான் கருவி வாங்க வந்தேன்" என்றாள்.

நல்லமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உட்காரும்மா. நிறைய வகை இருக்கு."

அன்று செவந்தி ஒரு பெரிய திருப்புளியோடு ஓடைக்குப் போனாள். எட்ட நின்று அதைக் காட்டி, "நெம்பினா முனை உடைஞ்சிடுமாம், இது திருகாணிக்கு மட்டும்தானாம். உங்க காலில் சோதிச்சுப் பார்க்க எனக்கு மனசு வரலைங்கய்யா" என்றாள். உக்கிரசேனர் கொம்பையாவை நினைத்துக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம்" என்றார்.

அடுத்து தட்டையான நெம்புகோல் வந்தது. அதன் வளைவு போதுமா என்று கடையில் கேட்டுவரப் போனாள். போதும் என்று தெரிந்ததும், பிடியில் ரப்பர் உறை இல்லாததை உக்கிரசேனரே கண்டுபிடித்தார். பிறகு, சக்கரத்தின் பேரிங்கைக் கொக்கிக் கைகளால் கவ்வி இழுத்துக் கழற்றுகிற புல்லர்.

"ரெண்டு கை வச்சது வேணுமா, மூணு கை வச்சது வேணுமாங்கய்யா?"

"எது பெரிசோ அது!"

அவள் எட்ட இருந்து தள்ளிவிட்ட மூன்று கை புல்லர் பொறியின் வாய்க்குள் நுழையவே இல்லை. வாயை அளந்துவரச் சொன்னார் நல்லமுத்து. உக்கிரசேனர் அளந்து சொன்னதோடு போனால், உள்ளளவா வெளியளவா என்றார்.

இதற்குள் உக்கிரசேனருக்கும் இந்த விஷயத்தில் ருசி ஏற்பட்டுவிட்டது. செவந்தி வீசிக் கொடுத்த கடைக் கேட்டலாக்கைக் கரையில் விரித்துவைத்து, காலில் பொறியோடு பக்கம் பக்கமாகப் படித்தார். செவந்தி தன் போனில் மற்றவர்கள் எழுதிய கருத்துகளை அவருக்குப் படித்துக்காட்டினாள்.

"ஒரு யானை ஒத்தை நட்சத்திரம் போட்டிருக்குங்கய்யா. தும்பிக்கைக்குப் பிடி பத்தலையாம்."

"பார்த்தியா! நல்லவேளை வாங்கலை!"

கடைசியில் அவருக்குப் பிடித்தது, கையால் பம்ப் அடித்தால் இரும்பைப் பிளந்து விரிக்கும் ஹைட்ராலிக் கருவி. அது கடல் தாண்டி வரவேண்டியிருந்தது. உக்கிரசேனர் ஓடைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார். பார்சல் துறைமுகத்துக்கு வந்துவிட்டதாகச் செய்தி வந்த நாளில் உற்சாகமாக வாலை ஆட்டினார். வாலும் இளைத்திருந்தது.

பார்சல் வந்தது. செவந்தி பெட்டியை எதிர்க்கரையில் இறக்கினாள். அதைப் பார்க்கும் ஆவலில் உக்கிரசேனர் ஓர் எட்டு எடுத்து வைத்தார். எலும்பும் தோலுமாகிவிட்ட கால் பொறியிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டது.

இருவரும் காலையே பார்த்தார்கள்.

"செவந்தி, கிட்ட வாம்மா. உனக்கு நன்றி சொல்லணும்" என்றார் உக்கிரசேனர்.

"பரவாயில்லைங்கய்யா. பெட்டி பிரிக்காம இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துடணும்."

உக்கிரசேனர் பாய்ந்தார். பாய்ந்தது அவருடைய மனசு மட்டும்தான்; உடம்பு ஓடைக்கு நடுவே தொப்பென்று விழுந்தது.

"நன்றி சொல்லத்தான் பாய்ஞ்சேன்" என்றார் சேற்றிலிருந்து.

"தெரியுங்கய்யா."

செவந்தி பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். கால்கள் பழக்கத்தில் ஓடத் துடித்தன. அவள் ஓடவில்லை. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு சிறுத்தையின் முன்னால் நடந்தே போனாள். போகிற வழியில் நின்று கொஞ்சம் புல்லும் மேய்ந்தாள்.

அதன்பின் உக்கிரசேனர் நொண்டிக்கொண்டே தவளை பிடித்துக் காலம் தள்ளினார். தமக்காக அலைந்த ஒரே ஜீவன் செவந்திதான் என்று போவோர் வருவோரிடமெல்லாம் கண்கலங்கிச் சொன்னார். காடு கூடி அவளுக்குச் சால்வை போர்த்தியது. கொம்பையாவையும் யாரும் மறந்துவிடவில்லை. ஓடைக்குப் போகும் வழியில் பலகை நட்டு, அவர் படத்தின் கீழே 'தவறான கருவியைப் பயன்படுத்தாதீர்' என்று எழுதி வைத்தார்கள்.

செவந்தி மட்டும் அந்த வழியாகத் தண்ணீர் குடிக்கப் போவதில்லை.

நீதி: உதவி என்று கேட்டதும் கையில் கிடைத்ததோடு ஓடுகிறவர் உணவாவார், சரியான கருவியைக் கடைசிவரை தேடிக்கொண்டே இருப்பவருக்குச் சால்வை கிடைக்கும்.