கடைசி வளைவில் இடிப்பவன்

அவனுக்கு வேறு சோலியே கிடையாதா? வீட்டில் யாரும் தேட மாட்டார்களா? மூன்று சுற்றும் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து, கடைசி வளைவில் இடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் போகிறவன் நிஜத்தில் எப்படி இருப்பான்? மீசை இருக்குமா?

முத்துச்செல்வி இதையெல்லாம் தேங்காய் துருவும்போது நினைத்தாளே தவிர, வாய்விட்டுச் சொல்லவில்லை. கணக்கு டீச்சருக்குக் கார்ப் பந்தய விளையாட்டில் கிறுக்கு என்பது வீட்டுக்கு வெளியே, கூட வேலை பார்க்கும் பாஹிமா டீச்சர் ஒருத்திக்குத்தான் தெரியும். தூத்துக்குடியில் போலீஸ் வேலையில் இருக்கும் கணவன் தேவா, டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ விளையாட்டுப் பெட்டிகள் இரண்டு வாங்கினான். ஒன்று குற்றாலத்தில் இருக்கும் அவர்கள் லாட்ஜில், சீசனுக்கு வருகிறவர்களுக்காக. இன்னொன்று தென்காசி வீட்டில், யாருக்கென்று சொல்லாமல்.

மாலையில் மாமனார் லாட்ஜுக்குக் கிளம்பிய பிறகு ஆடுவாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று சத்தத்தை முழுக்க அணைத்துவிடுவாள். அந்த அரைமணி நேரம் அவள் டீச்சர் இல்லை, மருமகள் இல்லை. முன்னால் வரும் வளைவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

அதைத்தான் ஆன்லைனில் எதிரே ஆடும் 'மின்னல்' என்ற பேர்க்காரன் ஒருவன் கெடுத்துக்கொண்டிருந்தான். இந்த மாதத்தில் பதினோரு முறை. மாநிலப் பட்டியலில் மூன்றாவதாக இருந்தவள் நாற்பதுக்குப் போய்விட்டாள். விளையாட்டுக் கம்பெனிக்குப் புகார் எழுதினாள். முழுப் பந்தயத்தையும் வீடியோவாக ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அனுப்பினால், அவனை நீக்கிவிட்டு அவள் இடத்தைத் திருப்பித் தருவதாகப் பதில் வந்தது. பெட்டியோ கடைசி அரை நிமிடத்தைத்தான் சேமித்துத் தரும்.

"எவிடென்ஸ் இல்லாம கேஸ் நிக்காது தாயி," என்றார் மாமனார் இசக்கிப்பாண்டி. ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். "அத நான் பாத்துக்கிடுதேன். நீ வண்டிய மட்டும் ஓட்டு."

"ஒங்களுக்கு எதுக்கு மாமா செரமம்?"

"கள்ளப்பயலப் பிடிக்கதுல என்னட்டி செரமம்?"

வெள்ளிக்கிழமை அவள் செல்போனை அவரே பிடித்துக்கொண்டு டிவிக்கு எதிரே உட்கார்ந்தார். பந்தயம் முடிந்து பார்த்தால், படம் முழுக்க அவருடைய கட்டைவிரல். போதாததற்கு மின்னல் அன்றைக்கு வரவே இல்லை.

"போலீஸ்காரன் ஒக்காந்திருக்கது அவனுக்கு மோப்பம் தெரிஞ்சிருக்கும்," என்றார்.

சனிக்கிழமை டிவியிலிருந்து வயரைப் பிடுங்கி அவளுடைய லேப்டாப்பில் சொருகினார்.

"கச்சிதமாப் பொருந்துது பாத்தியா?"

பொருந்தியது. படம்தான் வரவில்லை. வயரைக் கழற்றி ஊதினார், வேட்டி நுனியால் துடைத்தார், தலைகீழாகச் சொருகப் பார்த்தார். முத்துச்செல்வி பாஹிமாவுக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், லேப்டாப்புல அது படம் வெளிய போற வழி. அதுல உள்ள வர முடியாது," என்றாள் பாஹிமா. "ஒன்வேல எதிர்ல வண்டி விட்ட மாதிரி. படத்த உள்ள வாங்க கேப்சர் கார்டுன்னு ஒண்ணு வேணும்."

இசக்கிப்பாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. "கேப்சர் பண்ணுததுக்குக் கார்டா? முப்பத்திரண்டு வருசம் ஆளப் பிடிச்சிருக்கேன். ஒருத்தன்ட்டயும் கார்டு காட்டுனதில்ல!"

ஆனாலும் பஜாருக்குப் போனார். இரண்டு மணி நேரம் கழித்து, போன்களில் இருக்கும் மெமரி கார்டைப் படிக்கிற ஒரு சின்னச் சாமானோடு வந்தார்.

"எந்தக் கார்டுன்னாலும் பிடிச்சிருமாம். கடக்காரன் சத்தியம் பண்ணுதான்."

அதைச் சொருகியதும் லேப்டாப்பில் இடமில்லை என்று ஒரு அறிவிப்பு வந்தது. குக்கர் விசில் அடிக்க, அவள் அடுப்பை அணைக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் அவர் இடம் பண்ணியிருந்தார்.

"பெருசா ஒரு போல்டரு கெடந்துச்சு. தூக்கிட்டேன்."

"அய்யோ மாமா, அது இடைப்பருவத் தேர்வு வினாத்தாள்!"

"பிள்ளைக சந்தோசப்படும். விடு."

ஞாயிறு மதியம் அவரே கையை விரித்தார். "இது ஆவாத காரியம் தாயி. மறந்துரு. லாட்ஜுல தண்ணித்தொட்டி வழியுதாம், நான் போயிட்டு வாரேன்." குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை மறைந்து அரைமணி நேரத்தில், கடையநல்லூரிலிருந்து பஸ் பிடித்து பாஹிமா வந்தாள். சாரலில் நனைந்த துப்பட்டாவின் முனையில் கட்டைவிரல் அளவு சாமான் ஒன்றை முடிந்து வைத்திருந்தாள். துபாயிலிருந்து அவள் வீட்டுக்காரர் கொடுத்துவிட்டது.

"இதுக்குத்தான் டீச்சர் கேப்சர் கார்டுன்னு பேரு."

ஒரு பக்கம் வயர், மறு பக்கம் லேப்டாப். அவ்வளவுதான். பந்தயப் பாதை லேப்டாப் திரையில் பளிச்சென்று வந்து நின்றது. முத்துச்செல்வி வழக்கம்போல் சத்தத்தை அணைத்துவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

நாலு மணிக்கு மின்னல் வந்தான். முதல் சுற்று. இரண்டாவது. கடைசி வளைவு. இடி! பள்ளத்தில் உருளும்போது முத்துச்செல்வி முதல் முறையாகச் சிரித்தாள்.

வினாத்தாளை இருவரும் உட்கார்ந்து மறுபடி அடித்து முடித்தபோது மணி ஐந்தரை.

"எதுக்கும் சத்தத்தோட ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு அனுப்புங்க," என்றாள் பாஹிமா.

ஓட்டினார்கள். வாசலில் இசக்கிப்பாண்டி நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் வண்டிகள் உறுமின. டயர் கிறீச்சிட்டது. இடித்தது. எதிராளி தன் மைக்கை அணைக்க மறந்திருந்தான் போலிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு குரல் கணீரென்று கேட்டது. லாட்ஜ் சமையல்காரர் வல்லிநாயகத்தின் குரல்.

"எஸ்ஐ அண்ணாச்சி, இன்னைக்கும் மருமவளப் பள்ளத்துல தள்ளியாச்சா? காப்பி ஆறிப்போவுது, எந்திரிங்க!"

பாஹிமா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். இசக்கிப்பாண்டி சிப்ஸ் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோபம் வர வேண்டும் என்று முத்துச்செல்விக்குத் தெரிந்தது. வரவில்லை. எட்டு வருஷமாக அவளிடம் குழம்பில் உப்பைப் பற்றி மட்டுமே பேசிய மனிதர், இந்த ஒரு மாதமாக அவளோடு மல்லுக்கட்டுவதற்காகவே குற்றாலம் போய் வந்திருக்கிறார். அதுவும் நேராக ஓடி ஜெயிக்க முடியாமல்! யாரும் அவளை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

"தாயி," என்று அவர் தொண்டையைச் செருமினார். "வீட்டு விசயம் வீட்டோட இருக்கட்டும். அத அழிச்சிரு. இனிமே இடிக்க மாட்டேன்."

"அழிக்க மாட்டேன் மாமா," என்றாள் அவள், குரல் உயராமல். அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.