டாக்டருக்கு முன் முருகன் பார்த்த எக்ஸ்ரே

பயந்தவன் கையில் போன் இருக்கக் கூடாது. அதிலும் படத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற ஏஐ செயலி இருக்கவே கூடாது. என்னிடம் பயம், போன், செயலி மூன்றும் தாராளமாக இருந்தன.

அப்பாவுக்கு ஏரலில் வாழை விவசாயம். சின்ன வயதிலிருந்தே பீடி. இருமல் விடாமல் படுத்தவே, பாளையங்கோட்டை டாக்டரம்மா நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்து முடித்தபோது டாக்டரம்மா கிளம்பிவிட்டார், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அதுவரை அம்மா சும்மா இருப்பாளா? "டாக்டரம்மா பாக்குததுக்கு முந்தி முருகன் ஒரு பார்வை பாக்கட்டும்" என்று படத்தைக் கவரோடு எடுத்துக்கொண்டு திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினாள். சந்நிதியில் காட்டிவிட்டு, பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதியும் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் இடிபட்டு வந்து சேர்ந்தாள்.

நான் திருநெல்வேலி ஜங்ஷனில் செல்போன் கடையில் வேலை பார்ப்பவன். (தெருவுக்கே போன் கற்றுக்கொடுத்தவன் என்ற மிதப்பு வேறு.) ஞாயிறு காலை அப்பா ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரத்தில், கட்டிலில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் எக்ஸ்ரேயை வைத்துப் போட்டோ எடுத்தேன். நுரையீரல் முழுக்க வெள்ளைப் புள்ளி! செயலிக்குப் படத்தோடு எழுத்தும் சேர்த்து அனுப்பலாமே, அனுப்பினேன்: "காலமெல்லாம் பீடி, ஓயாத இருமல், ஆள் பாதியாகிவிட்டார், புற்றுநோயா?" (ஆள் பாதியாகவில்லை. முந்தின நாள் பரோட்டாவுக்குச் சால்னா பத்தவில்லை என்று கடையில் சண்டை போட்டவர்.)

இரண்டு நுரையீரலிலும் சிதறிய வெண்புள்ளிகள் தெரிகின்றன, நீங்கள் சொன்ன விவரங்களோடு பார்த்தால் காசநோயாகவோ பரவிய புற்றுநோயாகவோ இருக்கலாம் என்று பதில் வந்தது. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துத் தெரு அத்தைக்கு, அப்பாவின் தங்கைக்கு, போன் போட்டேன். அதுதான் நான் செய்த மகா மடத்தனம்.

ஈரத்துண்டோடு அப்பா திரும்பியபோது வாசலில் கூட்டம். அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஏட்டி, யாரு போயிட்டா?" என்றார் அப்பா.

"நீதாண்ணே!"

விஷயம் தெரிந்ததும் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்து, "ஏலே, வாழை இப்பதான் குலை தள்ளியிருக்கு. வெட்டுதவரைக்கும் இருப்பனாலே?" என்றார். மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்துச் சாக்கடையில் எறிந்தார். அன்று வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் டாக்டரம்மா கவரிலிருந்து படத்தை உருவினார். வெள்ளையாக ஏதோ மேஜையில் கொட்டியது. விரலால் தடவிப் பார்த்தார்.

"இது என்னதும்மா?"

"அய்யோ, முருகன் திருநீறும்மா! பஸ்ல கசங்கிரும்னு கவருக்குள்ள வச்சேன், இலை பிஞ்சிட்டு போல. கீழ சிந்திராதீங்க!" என்று அம்மா பாய்ந்து எக்ஸ்ரேயை வழித்தாள். அப்பா நெற்றியில் ஒரு பூச்சு, என் நெற்றியில் ஒரு பூச்சு, மிச்சத்தை டாக்டரம்மா நெற்றியிலும் பூசிவிட்டாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டிருந்த அவரும் நெற்றியைக் காட்டினார். நான் நீட்டிய போனை வாங்கிச் செயலியின் பதிலைப் படித்தார். பிறகு, "புற்றுநோயை எல்லாரும் பூசியாச்சா? இனி படத்தைப் பாப்போமா?" என்றார்.

படம் பளிச்சென்று இருந்தது. "வெறும் சளிதான் அண்ணாச்சி. ஆனா பீடியை விட்டுரணும். ஆறு மாசத்துல இன்னொரு படம் எடுத்துப் பாத்துருவோம்."

வெளியே வந்து செயலியின் பதிலைக் கடைசிவரை படித்தேன். படத்தின்மேல் தூசி இருக்கலாம், துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள் என்று பாவம் அது எழுதித்தான் இருந்தது. தலை நிமிர்ந்தால், அப்பா எதிர்ப் பெட்டிக்கடையில் புதுப் பீடிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இன்றும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அத்தை இதை நடித்துக் காட்டாமல் பந்தி எழாது. யார் தும்மினாலும் என்னைப் பார்த்து, "தொடச்சிட்டுப் பாருலே!" என்பார்கள்.

இந்த வருஷம் அப்பாவுக்கு மறுபடி இருமல். இந்தத் தடவை ஆள் நிஜமாகவே இளைத்திருக்கிறார். எக்ஸ்ரே எடுக்கப் போகலாம் என்று தினமும் கெஞ்சுகிறேன். "போலே, தொடச்சாப் போயிரும்" என்கிறார். வீடே சிரிக்கிறது, அவரும் சிரிக்கிறார். சிரிக்கும்போதுதான் இருமல் அதிகமாக வருகிறது.