அபி, இஞ்சை பார்

படிக்காதவனுக்கு விஷயம் விளங்காது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மொன்றியலில் டோர்வல் விமான நிலையத்தில் கழிப்பறை கழுவத் தொடங்கி, இன்று சொந்தமாகத் துப்புரவுக் கொம்பனி நடத்துகிறேன். (பிரெஞ்சு ஒரு சொல் தெரியாமல்.) அப்படிப்பட்ட என்னை ஒரு ஜிம்மில், பயிற்சி கொடுக்கிற சின்னப் பெட்டை, வாசலைக் காட்டி வெளியே போகச் சொன்னாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

என் மகளின் மகள் அபி சியர்லீடிங் பழகுகிறாள். மூன்று பிள்ளைகள் கீழே நின்று ஒருத்தியைத் தூக்கிப் பிடிப்பார்கள். உச்சியில் நிற்பவள் என் அபி. போட்டி நெருங்கிய நேரம். ரொக்ஸ்பரோ வீட்டிலிருந்து ஜிம்முக்கு என் வான் வண்டியில் நான்தான் ஏற்றிப்போவேன். அங்கே வீடியோ எடுக்கத் தடை.

"புதுசாப் பழகிறதை மற்ற ஜிம்காரர் பார்த்துச் செய்துபோடுவினம், அம்மப்பா. ஆரும் விழுந்தால் பேந்து நெட்டில போட்டுச் சிரிப்பினம்."

"ஃபீஸ் கட்டுறது ஆர்?"

"அப்பா."

"வான் ஆற்றை?"

வான் என்னுடையது.

நான் எடுக்க நினைத்ததற்குக் காரணம் சம்பந்தி. அபியின் அப்பப்பா, டொரண்டோவில் இருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியார். அவருடைய மற்றப் பேத்தி பரதநாட்டியம் ஆடுகிறாள். கண்ணை உருட்டினால் ஒரு வீடியோ, கையை மடக்கினால் இன்னொன்று. குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலே சலங்கைச் சத்தம். கீழே எழுதுவார்: "கலை எல்லாருக்கும் வாய்க்காது." அது எனக்கு எறிந்த கல் என்று விளங்க ஐந்தாம் வகுப்பே அதிகம்.

தொப்பிக்குள் போனை மறைத்து, வாட்ஸ்அப் குழுவைத் திறந்து அதிலேயே நேராக எடுக்கத் தொடங்கினேன். அபி ஒற்றைக்காலில் உச்சியில் நிற்கிறாள். முகம் மற்றப் பக்கம். முகம் தெரியாவிட்டால் சம்பந்தி நம்புவாரா?

"அபி, இஞ்சை பார்," என்று கத்தினேன்.

பார்த்தாள். சரிந்தாள். கீழே நின்ற பிள்ளைகள் பிடித்ததால் முழங்கை உரசியதோடு போயிற்று. பதறிய என் விரல் வீடியோவை அனுப்பிவிட்டது. அப்போதுதான் அந்தப் பெட்டை எனக்கு வாசலைக் காட்டினாள்.

நாங்கள் வீடு சேரமுன்னரே சம்பந்தி அதை ஊர்ச்சங்கக் குழுவுக்குத் தட்டிவிட்டார், 'மொன்றியல் சர்க்கஸ்' என்று பெயரும் வைத்து. (பேத்தி அவருக்கும் பேத்திதான்.) யாரோ ஒருவன் சிரிப்புச் சத்தம் சேர்த்து ஊருலகமெல்லாம் பரப்பினான். மற்ற ஜிம் பிள்ளைகளும் பார்த்துவிட்டார்கள். அபியின் ஜிம்மில் அந்தப் புது வித்தையைக் கைவிட்டார்கள். அபியைக் கீழே இறக்கினார்கள். கூப்பிட்ட பக்கமெல்லாம் பார்க்கிறவள் மேலே நிற்கக்கூடாதாம். கூப்பிட்டது நான். இறக்கியது அவளை. இது எந்த ஊர் நியாயம்?

போட்டியன்று போனால், மேடையைச் சுற்றிக் கமெரா. சுவர் அகலத்துக்குத் திரை. வெளியே மேசை போட்டு வீடியோ விற்கிறார்கள். அவர்கள் விற்றால் ஞாபகார்த்தம், நான் சும்மா அனுப்பினால் குற்றம்.

"இப்ப எங்கை உங்கடை சட்டம்?" என்று அபியிடம் பாய்ந்தேன்.

"அவை கேட்டுத்தான் எடுக்கினம். அம்மாட்டையும் கேட்டவை, என்னட்டையும் கேட்டவை."

அந்த வீடியோவை வாங்கினேன். எவளோ ஒருத்தியின் கால் அபியின் உள்ளங்கையில். எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். நான் அந்தக் கையை மட்டும் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் கமெராவைத் தூக்கினாலும், யாராவது "அபி, இஞ்சை பார்" என்பார்கள். உடனே வரிசையே ஒரு பக்கம் சரியும். போன கோடையில் என் தங்கச்சி மகனின் கலியாணம். பட்டு வேட்டியோடு, மணமக்களுக்குத் தூவும் அறுகரிசித் தட்டம் ஏந்தி வருகிறேன்.

"அம்மப்பா, இஞ்சை பாருங்கோ."

பார்த்தேன். தட்டம், அரிசி, நான், எல்லாம் நிலத்தில். வேட்டி மட்டும் வேறிடத்தில். சம்பந்திக்குச் சிரித்துப் புரையேறியது. அபி போனோடு வந்து குனிந்தாள்.

"எடுத்திட்டன். குறூப்பில போடட்டோ?"

"போட்டியெண்டால் இனி வான் இல்லை."

அழித்துவிட்டு, திரையைத் திருப்பிக் காட்டினாள். தனக்கு மட்டுமாவது அனுப்பியிருக்கலாம் என்று சம்பந்தி இன்றுவரை புலம்புகிறார். விழுத்தினாளே என்று எனக்குக் கோபமில்லை.

போடட்டோ என்று என்னைக் கேட்டாளே, அதில்தான் கோபம்.