மாஸ்டர் பின்னால் இருக்கிறார்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பின் சீட்டில் இருக்கும்வரை நம்மாள் பைக்கை அழகாக ஓட்டினார். எட்டுப் போடும்போது ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை. மாஸ்டர் இறங்கியதுதான் தாமதம், வண்டி ஒரு பக்கம், நம்மாள் ஒரு பக்கம்.

லைசென்ஸ் டெஸ்ட்டோ வெள்ளிக்கிழமை. அதில் பின்னால் யாரும் உட்காரக் கூடாது.

மருந்துக் கம்பெனியில் பில் போட்டே தேய்ந்துபோனவர் நம்மாள். லைசென்ஸோடு வந்தால் ஊர் சுற்றி ஆர்டர் பிடிக்கும் வேலை தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். வராவிட்டால் அது பக்கத்து நாற்காலிக்காரனுக்கு. அவன் இப்போதே புது ஷூ வாங்கிவிட்டான். அந்த ஷூவைப் பார்க்கும்போதெல்லாம் நம்மாளுக்கு வயிறு எரிந்தது.

பின்னால் கனம் இருந்தால் போதாதா என்று மனைவி யோசனை சொன்னாள். மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு தெருவில் கிளம்பினார். முதல் வளைவிலேயே மூட்டை நழுவி, பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் கழுவி நிறுத்திய கார்மேல் கொட்டியது.

மூட்டைக்கு உயிர் இல்லை, அதுதான் குறை என்று மச்சானை ஏற்றினார். மச்சானுக்கு உயிர் இருந்தது, அதன்மேல் ஆசையும் இருந்தது. வண்டி சாய்ந்ததும் பயத்தில் நம்மாளின் கண்ணை இரண்டு கையாலும் பொத்திவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் கார்க் கதவைத் திறந்துவைத்து மணலைத் துடைத்துக்கொண்டிருந்தார். மிச்சத்தைச் சொல்வானேன்.

வியாழக்கிழமை, கார்க் கதவுக்கு ஆன செலவைத் தர ஒப்புக்கொண்ட கையோடு, மாஸ்டரிடம் போய் நின்றார்.

"என்னால முடியாது மாஸ்டர். நீங்க பின்னாடி இருந்தாத்தான் எனக்குத் தைரியமே வருது."

மாஸ்டர் அசரவில்லை. கிளட்ச், கியர், பிரேக் என்று அவர் வாய் திறந்தால் வண்டியே கைகட்டிக் கேட்கும்.

"இருக்கேன்னு நெனச்சுக்குங்க. நான் இல்லைன்னு வண்டிக்கு எப்படித் தெரியும்?"

வெள்ளிக்கிழமை நம்மாள் அப்படியே செய்தார். "சரி மாஸ்டர், கிளட்சை மெதுவா விடறேன் மாஸ்டர்" என்று முணுமுணுத்தபடி எட்டைச் சுற்றி வந்தார். இவருக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று அதிகாரி ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு பாஸ் என்றார்.

நம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே ஓடினால், வரிசையில் ஹெல்மெட்டோடு மாஸ்டர். நமக்காக வெயிலில் வந்து நிற்கிறாரே என்று உருகிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வேலை நீங்க போட்ட பிச்சை மாஸ்டர்."

மாஸ்டர் ஏனோ வேறு பக்கம் பார்த்தார். மேஜையில் பெயர் கூப்பிடுகிற அம்மா நிமிர்ந்தாள்.

"அடுத்தது நீங்கதான், வாங்க மாஸ்டர். உங்ககிட்டப் படிச்சவங்க எல்லாரும் லைசென்ஸ் வாங்கிட்டாங்க, இந்தத் தடவையாவது காலை ஊனாம ஓட்டி நீங்களும் வாங்கிடுங்க."